காதில் தொற்று என்று கடிதம் எழுதும் பெற்றோருக்கு

சிட்னியில் பெண் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ் அம்மா அப்பாக்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூட நீச்சல் போட்டிக்கான அனுமதிப் படிவம் இந்த வாரம் உங்கள் பிள்ளையின் பையிலும் வந்திருக்கும். சிலர் அதில் 'காதில் தொற்று' என்று எழுதுவீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருடம் நானே எழுதினேன். மகளின் காதில் ஒன்றுமில்லை. அவளுக்குப் பதினொரு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். போட்டியன்று நீச்சல்குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டுகளுக்குக் காவல் இருந்துவிட்டு வந்தாள்.

'கறுத்துப் போவாள்' என்பதை விடுங்கள். அதற்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. 'ஆண்கள் பார்ப்பார்களே' என்பதுதான் நம் உண்மையான பயம். இது நாம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பயம் என்று நினைத்திருந்தேன். இல்லை. இதே சிட்னியில் அது ஒரு சங்கத்தின் விதியாகவே இருந்திருக்கிறது. ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் நீச்சல் போட்டியில் இறங்கக் கூடாது என்றது நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கம். அதன் தலைவி ரோஸ் ஸ்காட் ஒன்றும் பழைய பஞ்சாங்கம் இல்லை. இந்த மாநிலத்துப் பெண்களுக்கு 1902இல் வாக்குரிமை கிடைக்கப் போராடியவர். பெண்களைக் காப்பாற்றுவதாக நினைத்தேதான் அவரும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நம்மைப் போலவே.

அந்த விதியில் மாட்டிக்கொண்டவர் ஃபேனி டூராக். மதுக்கடை நடத்தியவரின் மகள், கூஜி கடற்கரைக் குளத்தில் நீந்தப் பழகியவர். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களுக்கும் நீச்சல் வைத்தார்கள். போகத் தகுதியுள்ளவர்கள் டூராக்கும் அவருடைய போட்டியாளரும் தோழியுமான மினா வைலியும். விதி குறுக்கே நின்றது. ஊரில் பெரிய கூச்சல் எழுந்தது. கடைசியில் அந்தச் சங்கத்துப் பெண்களே விதியைத் தளர்த்தினார்கள், ரோஸ் ஸ்காட் பதவி விலகினார். அனுமதி வந்ததே தவிர பயணத்துக்குப் பணம் வரவில்லை. வசூல் செய்தும் வீட்டுக் காசு போட்டும்தான் போனார்கள். தனியாகவும் அனுப்பவில்லை! டூராக்கோடு சகோதரியும் வைலியோடு அப்பாவும் துணைக்குப் போனார்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது.

ஸ்டாக்ஹோமில் போட்டி நடந்தது விரிகுடாத் தண்ணீரில் கட்டிய குளத்தில். 100 மீட்டரில் டூராக் தங்கம், வைலி வெள்ளி. டூராக்கின் நேரம் 1 நிமிடம் 22.2 விநாடி. 1896இல் ஏதென்ஸில் ஆண்கள் 100 மீட்டரில் ஜெயித்த ஹங்கேரிக்காரர் ஹாயோஷின் நேரமும் அதேதான், விநாடி பிசகவில்லை. (அவர் நீந்தியது குளிரடிக்கும் கடலில், ஆகவே ஒப்பிடுவது அவ்வளவு நியாயமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) தொடர் நீச்சலுக்கு (ரிலே) நான்கு பேர் வேண்டும். இவர்களோ இரண்டே பேர். ஆளுக்கு இரண்டு முறை நீந்துகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள், கிடைக்கவில்லை.

உங்கள் கூச்சத்தை நான் கிண்டல் செய்யவில்லை, எனக்கும் அது இருக்கிறது. அதற்கு வழியும் கூஜியிலேயே இருக்கிறது. மினாவின் அப்பா 1907இல் கட்டிய வைலி குளத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மெக்கைவர் குளம். நூறு வருடத்துக்கு மேலாகப் பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மட்டும். பாறைக்குள் கடல் தண்ணீர், மேலே படிக்கட்டு. முக்காட்டோடு நீந்துகிற பாட்டிமாரையும் பார்க்கலாம். ராஷி என்கிற முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் வரை கால்சட்டையும் போட்டுக்கொண்டு நானும் இறங்கினேன், நாற்பத்து மூன்று வயதில். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம். மகளோ பத்து நிமிடத்தில், "அம்மா, இங்க போட்டி போட யாருமே இல்லையே" என்றாள்.

அதனால் இந்த வருடம் படிவத்தில் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ராஷி போட்டுக்கொண்டு நீந்தலாமா என்று உங்கள் பள்ளியிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், எங்கள் பள்ளியில் சரி என்றார்கள். அதற்கு முன் பிள்ளைக்குப் பழக்கம் வேண்டும் என்றால், ஞாயிறு காலை ஏழு மணிக்கு வென்ட்வொர்த்வில்லிலிருந்து கூஜிக்குக் கிளம்புகிறோம். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடமிருக்கிறது. துண்டு மட்டும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
போன வருடம் பொய்க் கடிதம் எழுதிய ஓர் அம்மா