ஓக் நாற்றும் பனங்கொட்டையும்

தேவிபட்டினம்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள சிக்கந்தருக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஐப்பசியில் போக்குக் காட்டிய மழை இப்போது இறங்கிப் பெய்கிறது, கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஓக் நாற்றைத் தொட்டியும் மண்ணும் இல்லாமல் வெறும் வேரோடு கட்டாக அனுப்புகிறார்களே, பிழைக்குமா என்று கேட்டிருக்கிறாய். ஏன் பிழைக்காது மாப்ளே? நம் கடற்கரையில் சவுக்கை அப்படித்தானே நடுகிறோம். பாத்தியை நனைத்து நாற்றைப் பிடுங்கி, மண்ணை உதறிக் கட்டு கட்டி, வேரைச் சேற்றுக் குழம்பில் முக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு போவோம். வேரில் வெயில் படக்கூடாது, அவ்வளவுதான். தண்ணீரை உறிஞ்சுவது நூல் மாதிரி இருக்கும் அந்தச் சன்ன வேர்கள். காற்றில் கொஞ்ச நேரம் கிடந்தாலே அவை கருகிவிடும். அதனால் நாற்றுகளைப் பையிலேயே வைத்திரு, ஒவ்வொன்றாக எடுத்து நடு. அன்றே நட முடியாவிட்டால் சின்னப் பள்ளம் தோண்டிச் சாய்த்துவைத்து, வேரை ஈரமண்ணால் மூடிவிடு.

ஓக் இலை உதிர்த்து உறங்கும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் உனக்குக் காலம். இலை இல்லாததால் வேருக்கும் பாரம் குறைவு. மண் உறைந்து கிடக்கும் நாளில் மட்டும் நடாதே. நாங்கள் மழையை நம்பி நட ஆரம்பிப்பதும் கிட்டத்தட்ட இதே மாதங்களில்தான். அதை நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆள் உயர நாற்றுக்கு ஆசைப்படாதே. 40 முதல் 60 செ.மீ. உயரம் போதும். பெரிய நாற்றைப் பிடுங்கும்போது பாதி வேர் மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் மண்ணைப் பிளந்து வேரை இறக்கு. தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்கட்டும், குதிகாலால் மிதித்து இறுக்கு. குழியில் எரு வேண்டாம். சுற்றிலும் ஒரு மீட்டருக்குப் புல்லை அண்டவிடாதே, முதல் இரண்டு மூன்று வருடம் புல்தான் பெரிய எதிரி. இங்கே ஆடு என்றால் அங்கே முயலும் மானும், அதனால் குழாய்க் கூண்டு போட்டுவிடு. வசந்தத்தில் துளிர் தாமதமானால் கலங்காதே, ஓக் மெதுவாகத்தான் விழிக்கும். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

பனையிடம் இந்தப் பிடுங்கி நடும் வேலையெல்லாம் நடக்காது. கொட்டையை மண்ணில் போட்டால் முளை நேரே கீழே இறங்கி, ஆழத்தில் கிழங்கு கட்டும். அந்தக் கிழங்குக்குள்தான் குருத்து இருக்கிறது. பிடுங்கினால் அவித்துத் தின்னலாம், மரம் கிடையாது. ஓக்கும் முதலில் ஆணிவேரைத்தான் இறக்கும். ஆனால் பாத்தியிலேயே அதைக் கத்தியால் அறுத்துவிட்டால் பக்கவேர் விட்டுச் சமாளித்துக்கொள்ளும். பனைக்கு அந்த வளைந்துகொடுக்கும் குணம் இல்லை, பிறந்த இடத்திலேயேதான் நிற்கும்.

உங்கள் வாப்பாவின் கொல்லையில் மேற்கு வரப்பு நெடுக ஆவணியில் கொட்டை ஊன்றியிருக்கிறேன். முளைத்த கொட்டையைப் பிளந்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் தவுனை எடுத்துத் தின்னத் தெருப் பிள்ளைகள் இப்போதே சுற்றி வருகிறார்கள். தைப் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டச் சொல்லி உன் அக்கா கேட்கிறார். எனக்கு மரமாக விட்டுவிட ஆசை. நிலம் உன்னுடையது, என்ன செய்யட்டும் என்று மார்கழி முடிவதற்குள் எழுது.

உன்,
கணேசன்