ஜோடியில் ஒன்று

காரைக்குடி,
தை 20

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறார்கள். போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கணக்கு நோட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். தபாலில் போட்டால் நாளாகும்.

போன வாரம் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பங்கு பிரித்தார்கள். ஏழு பங்காளிகள், ஒருவரும் ஊரில் இல்லை. சாமான் அறையைத் திறந்துவிட்டார்கள். எனாமல் அடுக்கு, மரப்பெட்டி, தூக்குச்சட்டி எல்லாவற்றையும் நம் தெருப் பழஞ்சாமான் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போலக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மேல் தட்டில் ஒரு பூச்சாடி, ஒரு சாண் உயரம், மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தேன். அந்த இருட்டறையில் பச்சையாகப் பற்றி எரிந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். இதுபோல ஒன்றை அப்பா மேசைக்கு அடியில் வைத்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே மின்மினி இருக்கிறதா என்று கேட்டாய். மின்மினி இல்லை, யுரேனியம் சேர்த்த கண்ணாடி. நீ இருக்கிற செக் நாட்டின் வடக்கு மலையில் ரீடல் குடும்பத்தின் உலைகளில் 1830-களில் இதைச் செய்து பெயர் வாங்கினார்கள். நிறத்துக்கு வைத்த பெயர் அன்னா மஞ்சள், அன்னா பச்சை. அன்னா அந்த வீட்டுப் பெண், யோசப் ரீடலின் மனைவி. அத்தனை பெரிய வியாபாரத்தில் மனைவியின் பெயர் நின்றிருக்கிறது.

தீபாவளிக்கு மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் மட்டும் நிற்கிற படம். நல்ல புடவை, நீலத்தில் சிவப்புக் கரை. நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை, இன்று வரை கேட்கவில்லை.

பூச்சாடியைக் கழுவி வைத்தாயிற்று. வெந்நீர் ஊற்றவில்லை. நீயும் அங்கே எந்தக் கண்ணாடிச் சாமானிலும் வெந்நீர் ஊற்றாதே, அந்தக் குளிரில் கண்ணாடி ஜில்லென்று இருக்கும். தொட்டியில் துண்டை விரித்து, கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்து, ஒன்றொன்றாகக் கழுவ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் ரொட்டியும் காபியும் சாப்பாடு ஆகாது.

கடை பரவாயில்லை. வருகிறவர்கள் எதைப் பார்த்தாலும் பெல்ஜியமா என்று கேட்கிறார்கள். நம் பக்கத்தில் சீமையிலிருந்து வந்த கண்ணாடியெல்லாம் பெல்ஜியம்தான். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கும். அந்த முத்திரை இருந்தால் 1918-க்குப் பிறகு செய்தது, அந்த நாடே அப்போதுதான் உண்டானது. முத்திரையே இல்லை என்றால் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். செய்யும்போது ஒட்டிப் பிடித்த இரும்புக் கம்பியிலிருந்து முறித்த வடு அடியில் இருக்கிறதா, பல வருஷம் மேசையில் உரசிய கீறல் இருக்கிறதா, அச்சின் தையல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ஜியம் என்று சொன்னால் இரண்டாயிரம் கூடக் கிடைக்கும். அப்பா ஒருநாளும் அப்படிச் சொல்லி விற்றதில்லை. நானும் விற்கவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ பிராகுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் அழுதேன் என்று அப்பத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அழுதது உண்மைதான். ஆனால் மறுநாள் கடைக்குப் போய் அலமாரியைத் திறந்தபோது ஒரு பெருமை வந்தது. முப்பது வருஷமாக நான் துடைத்து வைக்கிற சாமான் செய்த ஊருக்கல்லவா என் பிள்ளை போகிறான். கண்ணாடி வேலைக்குப் பேர்போன நோவி போர் உனக்கு நூறு கிலோமீட்டர்தான். அதை அடுத்து கமெனிட்ஸ்கி ஷெனோவ். அங்கே கண்ணாடித் தொழிலுக்கென்று 1856-லேயே பள்ளிக்கூடம் வைத்தார்கள், இன்னும் நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா என்று நாலு வருஷமாகச் சொல்கிறேன். போகிறேன் போகிறேன் என்றாய். போகவில்லை. எனக்காகவாவது போயிருக்கலாம்.

அந்த ஊர் உலைகளை யூடியூபில் பார்க்கிறேன், பாஷை புரியாவிட்டாலும். அந்த மலைக்காடுகளில் பீச் மரம் நிறைய. உலை எரிக்க விறகும் அதுதான், அதன் சாம்பலிலிருந்து எடுத்த காரம்தான் மணலை உருக வைத்தது. அதனால்தான் அங்கே உலை வைத்தார்கள். சாம்பல் காரமும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கண்ணாடி கெட்டி, செதுக்கத் தாங்கும். வெனிஸ்காரர்களுடையது மெல்லிசு, ஊதி வளைக்க அழகாக இருக்கும், ஆழமாகச் செதுக்க முடியாது. செதுக்குகிறவர் ஒரு சின்னச் செப்புச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கோப்பையை அடியிலிருந்து தூக்கிச் சக்கரத்தில் கொடுக்கிறார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், கைதான் நகர வேண்டும். எண்ணெயும் குருந்தக்கல் பொடியும் வழிவதால் வெட்டுகிற இடம் கண்ணுக்கே தெரியாது. விரலால் தெரிந்துகொண்டுதான் மானுக்குக் கொம்பு போடுகிறார். ஊதுகிற இடத்தில் மர அச்சு. தண்ணீரில் ஊறப் போட்டு வைத்திருக்கிறார்கள். பழுத்த கண்ணாடி உள்ளே இறங்கியதும் ஆவி கிளம்பும். அந்த ஆவிதான் மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெத்தை மாதிரி நிற்கும். நாலைந்து பேர் சேர்ந்து செய்கிற வேலை, ஒருவர் கொஞ்சம் பிந்தினால் எல்லாம் போச்சு. 2023-ல் செக் நாட்டோடு இன்னும் ஐந்து நாடுகள் சேர்ந்து இந்தக் கைவேலையை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். அன்று உனக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். கட்டைவிரலைக் காட்டினாய்.

ஊதி முடித்ததை அப்படியே வெளியே எடுத்து வைக்க மாட்டார்கள். 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் தனி அடுப்பில் வைத்து, மணிக்கணக்கில் ஆற விடுவார்கள். மேல்தோல் முந்தி ஆறி, உள்ளே பிந்தி ஆறினால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே நிற்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வெந்நீர் பட்டாலும் அதே கதைதான், பட்ட இடம் விரியும், பக்கத்து இடம் விரியாது. கண்ணாடிக்குச் சூட்டைச் சட்டென்று கடத்தத் தெரியாது. அதனால்தான் வெந்நீர் ஊற்றாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ராசா, இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

கார்த்திகையில் ஒருநாள் பேசினாயே, அதுதான் கடைசியாக ஒழுங்காகப் பேசியது. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "என் கையில எதும்மா நின்னுச்சு" என்று சொல்லிச் சிரித்தாய். போனை வைத்த பிறகு எனக்கு அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை. அது உன் வார்த்தை இல்லை. என் வார்த்தை. நீ ஏழாவது படிக்கும்போது நான் சொன்னது.

சிவப்புக் கோப்பை ஜோடி. மான் செதுக்கியது. ஹைடா வேலை என்று அப்பா சொல்வார், நோவி போருக்கு அப்போது அந்தப் பெயர். எகெர்மன் என்பவர் 1832-ல் கண்டுபிடித்த சிவப்பு. கண்ணாடி முழுக்கச் சிவப்பில்லை, நிறமில்லாத கோப்பையின் மேல் செம்புச் சாயம் பூசிச் சுட்டெடுத்த தோல். அந்தத் தோலைச் செதுக்கினால் மான் வெள்ளையாகத் தெரியும். தங்கம் சேர்த்த சிவப்பு என்றால் எவ்வளவு செதுக்கினாலும் உள்ளேயும் சிவப்புதான். இந்த வித்தியாசத்தை உனக்கு எட்டு வயதிலேயே அப்பா சொல்லிக்கொடுத்து, நீ கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்வாய். அந்த ஜோடிக்குச் சென்னைக்காரர் ஒருவர் முன்பணம் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தில்தான் அந்த வருஷம் உன் பள்ளிக்கூடக் கட்டணம்.

முதல் நாள் ராத்திரி நான் தனியாக இருந்தேன். கோப்பையின் காலில் எண்ணெய்ப் பிசுக்கு. மறுநாள் காலையில் கொண்டுபோக வேண்டும். சாம்பிராணிக்கு வைத்த அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா கை பொறுக்கிற சூடு என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவசரத்தில் ஊற்றிவிட்டேன். டிக் என்று ஒரு சத்தம். தடித்த காலும் மெல்லிய கிண்ணமும் சேர்கிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. விளக்கில் பிடித்துப் பார்த்தேன், பாதிச் சுற்று ஓடியிருந்தது. துடைத்து, கோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டேன். ஏன் அப்படி வைத்தேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். விற்றுவிடலாம் என்று நினைத்தேனோ, காலையில் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேனோ. எனக்கே நிச்சயமில்லை.

காலையில் நீ ஆசையாக அதைத் துடைக்க எடுத்தாய். கால் உன் கையில் நின்றது, கிண்ணம் தரையில் விழுந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரியும், ராசா. தெரிந்தேதான் விளக்குமாற்றை எடுத்தேன். தெரிந்தேதான் "உன் கை பட்டால் எதுதான் நின்றது" என்று கத்தினேன், அப்பா காதில் விழட்டும் என்று. அன்று ராத்திரி அப்பா உன் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையின் உடைந்த காலை அவர்தான் பொறுக்கி வைத்திருந்தார், அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்காது. அதற்குப் பிறகு நீ கடைக்குள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாய். கல்லூரிக்குப் போகிற வரை அப்படித்தான் நின்றாய். அதைப் பார்த்தும் நான் சொல்லவில்லை. அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம், அப்போதும் சொல்லவில்லை.

உன் கை உடைக்கவில்லை. நான் உடைத்தது. அதை எடுத்தது நீயாக இருந்தாலும் அப்பாவாக இருந்தாலும் விழுந்திருக்கும்.

மற்றக் கோப்பையை நான் விற்கவில்லை. ஒற்றையாக இருந்தாலும் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். அலமாரியில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். நீ வந்தால் நீயே எடுத்துத் துடை.

இன்னொன்று. கார்த்திகைக்கு அனுப்பிய பார்சல் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியில் நீ இல்லை என்று எழுதியிருந்தது. கடைக்குத்தான் வந்தது, நல்லவேளை. அட்டைப்பெட்டியோடு மாடியில் வைத்திருக்கிறேன். அப்பத்தா தினமும் கேட்கிறார்கள், பேரன் மாவுருண்டை சாப்பிட்டானா, சீப்புச் சீடை நொறுங்காமல் போய்ச் சேர்ந்ததா என்று. சேர்ந்துவிட்டது, நன்றாக இருந்ததாம் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லிவிடு.

ஏன் வீடு மாறினாய், யாரோடு இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறபோது கேட்டுக்கொள்கிறேன். இங்கே வந்து இருக்க வேண்டும் என்று தோன்றினால் வா, டிக்கெட்டுக்கு யோசிக்காதே, அந்தப் பச்சைப் பூச்சாடிக்கு ஆள் வந்திருக்கிறது. வர முடியாது என்றால் ஒரு வேளையாவது சோறு வைத்துச் சாப்பிடு. போனை எடு.

புது முகவரியை என் நம்பருக்கு மட்டும் அனுப்பு. பழைய மாவுருண்டை காறிப்போயிருக்கும். வெள்ளிக்கிழமை பாசிப்பயறு வறுக்கிறேன், புதிதாகப் பிடித்து அனுப்புகிறேன். கடைவீதியில் அந்தப் பழைய நெய்க்காரர் இப்போது இல்லை, வேறு இடத்தில்தான் வாங்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா