வயிற்று வலியை யாரிடம் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன் சின்னப்பாலத்தில் இருந்து எழுதுகிறேன். கடலில் பாசி எடுப்பது தொழில். 4 வருடமாக வயிறு முறுக்கிப் பிடிக்கிறது. சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். கடைசியில் ஒரு டாக்டர்தான், "இது ஐ.பி.எஸ்., குடல் எரிச்சல் நோய். புற்று இல்லை, ஆனால் உங்கள் வலி நிஜம்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

விடியற்காலையில் வள்ளம் ஏறினால் மதியம்தான் கரை. நடுவில் எங்கே ஒதுங்குவது? முதல் நாள் ராத்திரியே பட்டினி கிடப்பேன். போன மாதம் வள்ளத்தில் விரல்களுக்குத் துணி சுற்றும்போது வலி தாங்காமல் பக்கத்து அக்காவிடம் சொல்லிவிட்டேன். சுற்றிய துணியைப் பாதியில் விட்டுவிட்டு, "எனக்கும் 10 வருசமா இதே பாடுதான்டி" என்றார்.

இப்போது இன்னொருத்தியும் சேர்ந்து நாங்கள் 3 பேர். எனக்குப் பால் ஆகாது, அந்த அக்காவுக்கு வெங்காயம். மனக்கவலை வந்தால் மூவருக்குமே கூடுகிறது. மலத்தில் ரத்தமோ, எடைக் குறைவோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

மண்டபத்திலும் தொண்டியிலும் வாய் திறக்காமல் எத்தனை பேரோ! அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள் எங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பேச வையுங்கள்.

ஒரு வாசகி,
பாம்பன்