‘பிரிவினைவாதிகள்’ என்பது யாருடைய சொல்? வெளிநாட்டுச் செய்திப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவுகளைக் கவனித்துவரும் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 11 அன்று இராக்கின் சுலைமானியா அருகே, துருக்கி அரசை எதிர்த்துப் போரிட்ட குர்து ஆயுத இயக்கமான குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த 30 பேர், ஆண்களும் பெண்களுமாக வரிசையில் வந்து, தங்கள் துப்பாக்கிகளை ஒரு பெரிய கொப்பரைக்குள் வைத்துத் தீயிட்டார்கள். அந்தப் படத்தைத் தாங்களும் வெளியிட்டிருந்தீர்கள். நான் நாற்பது ஆண்டுகளாக வாங்கிப் படிக்கும் நாளிதழ், தனிநாடு கேட்டுப் போராடிவரும் பிரிவினைவாதிகள் ஆயுதங்களை எரித்தார்கள் என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. அந்தக் கட்சியின் நிறுவனர் அப்துல்லா ஒஜலான் துருக்கியின் இம்ராலி தீவுச் சிறையிலிருந்து விடுத்த அழைப்பு அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று வாசிக்கப்பட்டது. தனி தேசிய அரசு மட்டுமல்ல, கூட்டாட்சியும் நிர்வாகத் தன்னாட்சியும்கூடத் தீர்வாகா என்று அதில் அவர் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியும் அதே நாளிதழின் அதே பக்கத்தில்தான் வந்தது. நாலரை மாதத்தில் அது மறந்துபோயிற்று போலும்.

இதைச் சுட்டிக்காட்டி ஆசிரியர் கடிதப் பகுதிக்கு மூன்று மடல்கள் எழுதினேன். மூன்றும் வெளிவரவில்லை. எங்கள் தெருவிளக்கு எரியாதது பற்றி எழுதிய நான்காவது மடல் மட்டும் மறுவாரமே அச்சேறியது. ஆகவேதான் இந்தத் திறந்த மடல்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். குர்து இயக்கம் எதையாவது ‘பிரிவினைவாத இயக்கம்’ என்று எழுதும்போது, அப்படி அழைப்பவர் யார், அந்த இயக்கம் இன்று கேட்பது என்ன என்ற இரண்டையும் உடன் எழுதுங்கள்.

நான் எவருக்கும் வெள்ளையடிக்க வரவில்லை. 1978இல் தொடங்கப்பட்டபோது தொழிலாளர் கட்சி கேட்டது தனிநாடுதான். துருக்கி, இராக், ஈரான், சிரியா என்று நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கும் குர்து மக்களின் நிலத்தை ஒன்றாக்கிய குர்திஸ்தான். 1984 ஆகஸ்ட் 15 அன்று அது தொடங்கிய போரில் 40,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். அவர்களில், அந்தக் கட்சி சுட்டுக்கொன்ற பள்ளி ஆசிரியர்களும் ஊர்க்காவலர்களின் குடும்பத்தாரும் உண்டு. அந்தக் காலத்துக்கு நீங்கள் ‘பிரிவினை’ என்று எழுதினால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் 1993இல் முதல் போர்நிறுத்தம் அறிவித்தபோதே ஒஜலானின் பேச்சு மாறத் தொடங்கிவிட்டது. 1999இல் பிடிபட்ட பிறகு, 2005இல் ‘ஜனநாயகக் கூட்டமைப்பியம்’ என்ற கொள்கையை முன்வைத்தார். எல்லைக்கோடுகளை அழிக்காமலே ஊராட்சி மன்றங்களின் வழியாக மக்கள் தம்மைத் தாமே ஆள்வது என்று அதைச் சுருக்கலாம். இது வெறும் முகமூடி என்று துருக்கி அரசு சொல்கிறது. இருக்கலாம். அந்த ஐயத்தையும் எழுதுங்கள். ஆனால் துருக்கி அரசின் ஐயம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘பிரிவினைவாதப் பயங்கரவாத அமைப்பு’ என்பது துருக்கித் தலைநகர் அங்காராவின் அலுவல் வழக்கு. அது செய்தி நிறுவனங்களின் ஆங்கிலம் வழியாக வந்து, தமிழில் இறங்கும்போது உங்கள் சொந்தச் சொல்லாகிவிடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உண்மையிலேயே தனிநாட்டுக்கு வாக்கெடுப்பு நடத்தியவர்கள் இராக்கியக் குர்து மக்கள். 1970 மார்ச் 11 அன்று பாக்தாத்துடன் அவர்களுடைய தலைவர் முல்லா முஸ்தஃபா பர்சானி செய்துகொண்ட தன்னாட்சி உடன்பாடு நிறைவேறாமல் போய், 1975இல் ஈரானும் இராக்கும் அல்ஜியர்ஸில் கைகுலுக்கியதும், ஈரானின் துணையை நம்பியிருந்த அவருடைய படை கைவிடப்பட்டது. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து ஊரில் இராக் அரசு வீசிய நச்சுவாயுவால் ஏறத்தாழ 5,000 பேர் கொல்லப்பட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2005 அரசியலமைப்பில் கூட்டாட்சி வட்டாரம் என்ற தகுதியைப் பெற்று, 2017 செப்டம்பர் 25 அன்று தனிநாடு வேண்டுமா என்று கேட்டபோது, வாக்களித்தவர்களில் 92 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்தில் கிர்குக் நகரை இராக் படையிடம் இழந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. உங்கள் பக்கங்களில் இவர்களுக்குப் ‘பிரிவினைவாதிகள்’ என்ற பட்டத்தை நான் கண்டதே இல்லை. ‘குர்திஸ்தான் வட்டார அரசு’ என்று மரியாதையாக எழுதுகிறீர்கள். துருக்கி வழியாகக் குழாயில் எண்ணெய் அனுப்பியவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது போலும்.

ஈரானில் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியின் நெடுநாள் முழக்கம் ‘ஈரானுக்கு ஜனநாயகம், குர்திஸ்தானுக்குத் தன்னாட்சி’ என்பது. அதன் தலைவர் காசெம்லு 1989 ஜூலை 13 அன்று வியன்னாவில், ஈரான் அரசு அனுப்பிய ஆட்களுடன் அந்தத் தன்னாட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அறையிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். முழுத் தனிநாடு கேட்கும் சிறு அமைப்புகளும் ஈரானியக் குர்து மக்களிடையே உண்டு. இரு தரப்பையும் ஒரே சொல்லில் அடைப்பது இருவருக்குமே அநீதி.

ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது சிரியா. அந்த ஜூலைப் படம் வந்த அதே வாரத்தில், வடகிழக்குச் சிரியாவில் குர்து மக்கள் தலைமையில் இயங்கிய ஜனநாயகப் படையையும் ‘குர்துப் பிரிவினைவாதப் படை’ என்று ஒரு பெட்டிச் செய்தியில் எழுதியிருந்தார்கள். அதை எழுதியவருக்காக ஒரு கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

1962 அக்டோபர் 5 அன்று, வடகிழக்குச் சிரியாவின் ஹசகா மாகாணத்தில் மட்டும், ஒரே நாளில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 1945க்கு முன்பிருந்தே அங்கு வாழ்வதற்கான சான்றைக் காட்ட முடியாதவர்கள் எல்லை தாண்டி வந்தேறியவர்கள் என்று முடிவு கட்டப்பட்டு, ஏறத்தாழ 1,20,000 குர்து மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் சிரியனாக நீடிக்க, தம்பி அயலானான வீடுகள் இருந்தன. பறிகொடுத்தவர்களில் ஒரு சாராருக்கு ‘அஜானிப்’, அதாவது அயலார், என்று பெயர். அவர்களுக்கு ஒரு சிவப்பு அட்டை தரப்பட்டது. அதை வைத்துக்கொண்டு நிலமோ வீடோ தம் பெயரில் வாங்க முடியாது, அரசு வேலைக்குப் போக முடியாது, கடவுச்சீட்டு கிடையாது. அயலார் ஒருவர் சிரியக் குடிமகளை மணந்தால் அந்தத் திருமணம் பதிவாகாது. எத்தனை பிள்ளை பெற்ற பிறகும் அவளுடைய அடையாள அட்டையில் அவள் மணமாகாதவள்தான். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்தச் சிவப்பு அட்டைகூடக் கிடையாது; அது ‘மக்தூம்’, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத உயிர். ஊர்த்தலைவர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு தாளைத் தவிர, தான் பிறந்ததற்கான சான்று அதற்கு இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு, 2011 ஏப்ரலில் கிளர்ச்சிக்கு அஞ்சிய அன்றைய அதிபர் அசாத் ஓர் ஆணையில் கையெழுத்திடும் வரை, நிலைமை இதுதான். அந்த ஆணையும் சிவப்பு அட்டைக்காரர்களுக்கு மட்டுமே; மக்தூம்கள் அதில் இல்லை.

இத்தனை காலமும் அவர்கள் கேட்டது என்ன? எங்கள் பெயரை இந்த நாட்டின் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்பதைத்தான். அதைக் கேட்ட குர்துச் செயற்பாட்டாளர்கள் மீது நாட்டின் நிலப்பகுதியைத் துண்டாட முயன்றதாகச் சிரிய ஆட்சியாளர்கள் குற்றம் சாட்டினார்கள். உள்ளே விடு என்று கதவைத் தட்டுகிறவனைப் பார்த்து வீட்டைப் பிரிக்கப் பார்க்கிறான் என்று கூவுவதற்குச் சர்வாதிகாரிகள் தேவை. அதை அப்படியே அச்சுக்கோப்பதற்கு நாம் தேவையா?

அந்த மண்ணிலிருந்துதான் 2012இல் மக்கள் பாதுகாப்புப் படை என்ற குர்துப் படை எழுந்தது. சிரியாவின் குர்து நகரமான கோபானியில் இஸ்லாமிய அரசு (ஐ.எஸ்.) அமைப்பை 2015 ஜனவரியில் முறியடித்ததும் அதுவே. அது குறையற்றது என்று நான் சொல்லவில்லை. சிறுவர்களைப் படையில் சேர்த்ததாகவும் அரபு ஊர்களில் வீடுகளை இடித்ததாகவும் எழுந்த குற்றச்சாட்டுகளை நானும் படித்திருக்கிறேன். ஆயினும் 2025 மார்ச் 10 அன்று அதன் வழிவந்த ஜனநாயகப் படையின் தளபதி மஸ்லூம் அப்தி, சிரிய அதிபர் அகமது அல் ஷராவுடன் கையெழுத்திட்ட உடன்பாட்டில், குடியுரிமைக்கான உறுதிமொழியோடு, நாட்டைத் துண்டாடும் அழைப்புகளை நிராகரிப்பதாகவே ஓர் அம்சம் இருந்தது. பிரிவினையை மறுத்துக் கையெழுத்திட்டு நான்கு மாதம் ஆன நிலையில் அவர்களைப் பிரிவினைவாதிகள் என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

தனிநாடு, தன்னாட்சி, சுயாட்சி, கூட்டாட்சி, பிரிவினை என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எடையுள்ள சொற்கள் தமிழில் இருக்கின்றன. நம் தேர்தல் செய்திகளில் அவற்றில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் மறுநாள் உங்கள் அலுவலக வாசலில் கூட்டம் கூடிவிடும். அதனால் அங்கே பார்த்துப் பார்த்து எழுதுகிறீர்கள். குர்து மக்கள் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. நடிகர்களின் விமான நிலையப் படங்களுக்கு அரைப்பக்கம், உலகத்துக்கு மூன்று பெட்டிகள் என்று ஆகிவிட்ட காலத்தில், இரவுப் பணியில் தனியாளாக உட்கார்ந்து மொழிபெயர்க்கும் இளைஞரிடம் சொல் பார்த்து எழுதச் சொல்வது ஒருவேளை பேராசையாகவும் இருக்கலாம். மன்னிக்க வேண்டும், மடல் தடம் மாறுகிறது. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை.

பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அழைப்பவர் யார், கேட்பது என்ன என்ற இரண்டையும் எழுத ஒரு வரிக்கு மேல் ஆகாது. இடமில்லையென்றால் ‘குர்து ஆயுத இயக்கம்’ என்று மட்டும் போடுங்கள்; அது எவருக்கும் சார்பில்லாத சொல், எழுத்தும் மிச்சம். ஜூலை மாதப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிட முடியுமானால் நன்றியுடையவனாவேன். அந்தப் பக்கத்தை நறுக்கி வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
நாற்பதாண்டு வாசகன்