நகர உணவக உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால், இவ்வாண்டு செயற்குழுக் கூட்டங்களில் பெரிதும் விவாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் கழிப்பறை குறித்து மட்டும் இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன்.

கழிப்பறை இல்லையென்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் போய்விடுமா என்று உறுப்பினர்கள் பலர் கேட்டனர். 2011ஆம் ஆண்டின் உரிம ஒழுங்குமுறைகளில் உள்ள நான்காம் அட்டவணை, பணியாளர் எண்ணிக்கைக்கேற்பக் கழிப்பறையும் கைகழுவும் வசதியும் இருக்க வேண்டும் என்றும், கழிப்பறைக் கதவு உணவு தயாரிக்கும், கையாளும், இருப்பு வைக்கும் இடங்களை நோக்கி நேரடியாகத் திறக்கக் கூடாது என்றும் கூறுகிறது. அதன் கவலை சமையற்கட்டின் சுத்தமே. சாப்பிட வருவோருக்கு எத்தனை கழிப்பறை வேண்டும் என்பதை, இருக்கை எண்ணிக்கையை வைத்து ஆண், பெண் எனப் பிரித்துச் சொல்வது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அது தன்னளவில் வழிகாட்டிதான். உள்ளூர்க் கட்டட விதிகளோ அனுமதி நிபந்தனைகளோ அதை ஏற்கும்போதே நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இடம் பிடிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வாடகைக் கட்டடத்தில் பின்னர் ஒரு குழாய் போடுவதற்குக்கூடக் கட்டட உரிமையாளரின் தயவு தேவைப்படுகிறது.

வழிப்போக்கரும் உணவகக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம், அதிகபட்சம் 5 ரூபாய் வாங்கலாம் என்ற ஏற்பாடு 2017 ஏப்ரலில் தெற்கு டெல்லி மாநகராட்சிப் பகுதியில் வந்ததாகும். அதை நாடு முழுமைக்குமான சட்டம் என நம்மவர் சிலர் அஞ்சியது தேவையற்றது.

செயற்குழுவினர் உறுப்பினர் கடைகளை நேரில் பார்த்தபோது, கழிப்பறை இல்லாத கடைகளைவிடப் பூட்டிய கழிப்பறைகளே கண்ணை உறுத்தின. சாவி கல்லாவில் ஒரு மரக்கட்டையுடன் தொங்குகிறது. உள்ளே பார்சல் டப்பாக்கள் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண் கல்லாவில் நின்று சாவி கேட்க வேண்டியிருப்பது நம் தொழிலுக்கு அழகன்று என்பது என் கருத்து.

கழிவுநீர்த் தொட்டி விஷயத்தில் சலுகைக்கே இடமில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வித்தால், முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ‘அவராகவே இறங்கினார்’ என்ற சமாதானத்தை இச்சங்கம் ஆதரிக்காது. உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியை மட்டுமே அழைப்பது, வேலை நேரம் முழுவதும் கழிப்பறையைப் பூட்டாமல் வைப்பது என்னும் இரு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.