மலப்பையும் வீடு தேடி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, குடலை இடது அடிவயிற்றில் வெளியே திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் வழியே வரும் மலத்தைப் பிடிக்க, மேலே ஒட்டிய பையோடு நடமாடுகிறேன். கட்டி ஆசனவாயை ஒட்டியே இருந்ததால் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். எனக்கு ஆயுசுக்கும் பைதான். ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது.

குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். சீட்டோடு ரெண்டு பையைக் கையில் கொடுத்து, "மாத்திக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படி மாற்றுவது என்பதை என் மருமகள் தானாகவே படித்துத் தேறினாள். வெளியே தெரியும் குடல் வாயை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக, பையைத் தோலோடு பிடித்து வைக்கும் ஒட்டுத் தகட்டில் ஓட்டை வெட்ட வேண்டும். ரொம்பப் பெரிதானால் மலம் பட்டுத் தோல் வெந்துவிடும், சிறிதானால் குடல் நெரிபடும். புதிதில் வீங்கியிருக்கும் குடல் ஆறு, எட்டு வாரத்தில் சுருங்கிவிடும் என்பதால் மறுபடி மறுபடி அளக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்துவிட வேண்டும், விட்டால் கனத்தில் தகடே பெயரும். குடல் வாயைத் தொட்டால் வலிக்காது என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. முதல் வாரமெல்லாம் பயந்து பயந்து துடைத்தோம்.

வலது பக்கம் சிறுகுடலைத் திறந்து வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். பல பேருக்குச் சில மாதத்தில் மூடிவிடுவார்கள். ஆனால் அதுவரை தண்ணீராகவே போகும், உடம்பு உப்பும் கூடவே இறங்கும். பங்குனி வெயிலில் மஞ்சள் களத்தில் நிற்கிற ஆளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைப் பற்றிச் சொல்லாமல் அனுப்பினால் சிறுநீரகமே கெட்டுப்போகும்.

அந்தியூரில் நான் கேட்ட மெடிக்கல்களில் பை இல்லை, ஈரோட்டுக்குத்தான் போகிறேன். தகடும் பையும் சேர்ந்து சில நூறு ரூபாய், மூணு நாலு நாளைக்கு ஒரு தகடு. பென்ஷன் வருகிறது, சமாளிக்கிறேன். பர்கூர் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா கேரி பேக்கை வைத்துச் சேலைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். வயிறெல்லாம் புண். "நாத்தத்துக்குப் பயந்து பேத்தி சீருக்குக்கூடப் போகலைங்க" என்றார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு, வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கான பையும் வீட்டுக்கே தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. அதே திட்டத்தில் மலப்பையையும் சேர்க்க என்ன தடை? இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாள் உட்கார்ந்தால், அந்த அம்மாவின் புண் பாதி ஆறிவிடும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ள 21 வகையில் நாங்கள் இல்லை என்பதால், எங்களைக் கணக்கெடுக்கக்கூட ஆளில்லை.

இன்னொன்று, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. வேலையில் இருந்தபோது எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன், நாற்றத்தைத் தவிர வேறெதுவும் உறைத்ததில்லை. இப்போது உள்ளே போனதும் கண் தேடுவது ஒரு கொக்கியை. சட்டையைக் கழற்றி மாட்டினால்தானே இரண்டு கையாலும் பையைக் கழுவ முடியும்? மாற்றுப் பையை வைக்க ஒரு சின்னப் பலகை, குழாயில் தண்ணீர், அவ்வளவுதான். கதவில் கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் "மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்ற நோட்டீஸ்தான் இருக்கிறது. மலத்தில் ரத்தம் போனாலே மூலம்தான் என்று நம்பவைக்கும் அந்த வியாபாரத்தைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

பலகைக்கு டெண்டர் விட வேண்டும் என்பார்கள். கொக்கிகளை நானே வாங்கி வந்து அடித்துத் தருகிறேன், அனுமதி மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
அந்தியூர், ஈரோடு மாவட்டம்.