காரைக்குடி, தேவகோட்டை வட்டார மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

வீடுவீடாகப் போய் வயதானவர்களுக்குப் பிசியோதெரபி செய்பவள் நான். நிமோனியாவுக்கோ யூரின் இன்ஃபெக்ஷனுக்கோ உங்களிடம் சேர்ந்து, குணமாகித் திரும்பிய அப்பத்தாக்களையும் ஐயாக்களையும்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் தாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஆளால்தான் கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாது. நம் ஊர்ப் பழைய வீடுகளோ உயரத்தில் கட்டியவை. முகப்புக்கு ஏறப் படி, வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், போக நிலைப்படி. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தொடையில் தெம்பில்லாத ஒருவர் இதில் தனியாக ஏறி இறங்க வேண்டும்.

"வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். முழுக்க வயது செய்த வேலை இல்லை இது. நோய் வந்த உடம்பு, சாப்பாடு போதாதபோது தசையைக் கரைத்துத்தான் புரதம் எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட புரதத்தைத் தசையாக்கும் திறனும் முதுமையில் குறைவு. 2007-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயே இல்லாத முதியவர்கள் 10 நாள் படுத்திருந்ததிலேயே கால்களில் மட்டும் கொழுப்பல்லாத திசு, பெரும்பாலும் தசை, ஏறக்குறைய 1 கிலோ குறைந்தது. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? இருமிச் சளியைத் துப்பவும், விழுங்கவும்கூடத் தசைதான் வேண்டும்.

நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் தேவை என்பது நிபுணர்கள் பரிந்துரை. 50 கிலோ ஆச்சிக்கு 60 கிராமாவது வேண்டும். மூன்று இட்லி, ஒரு டம்ளர் பால், கொஞ்சம் ரசஞ்சோறு, ராத்திரி பிரட். இதில் 30 கிராமை எட்டுவதே சிரமம். பார்க்க வருகிற நாமும் இளநீரும் ஆப்பிளும்தான் வாங்கி வருகிறோம்; இரண்டிலும் புரதம் பேருக்குத்தான். முட்டை, தயிர், குழைய வேகவைத்த பருப்பு, மசித்த சுண்டல் எல்லாம் வார்டுக்கு வரலாமே! சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவை டாக்டர் முடிவு செய்யட்டும்.

அட்மிஷன் அன்றே எடை பாருங்கள். சமீபத்தில் மெலிந்தாரா, சாப்பாடு குறைந்ததா என்று கேளுங்கள். கெண்டைக்காலை டேப்பால் அளக்க ஒரு நிமிடம் போதும். ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறைப்படி, ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் டேப் ஏமாற்றும். அப்போது கையால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடிகிறது என்று பாருங்கள். குண்டாக இருப்பவரை விட்டுவிடாதீர்கள், கொழுப்புக்குள் தசை இழப்பு ஒளிந்திருக்கும்.

அப்புறம், கழற்றி வைத்த பல்செட்டைச் சாப்பாட்டு நேரத்திலாவது மாட்டிவிடச் சொல்லுங்கள். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருந்தவருக்குத் தவறிய வேளைச் சாப்பாட்டை எடுத்து வையுங்கள். டாக்டர் தடுக்காதவரை, கட்டிலை விட்டு எழுந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். நாலு எட்டு நடக்கட்டும்.

இத்தனையும் உடனே முடியாது என்றால், சேர்ந்த அன்றைய எடை, போகும் அன்றைய எடை இரண்டையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தாருங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுப் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி